சும்மாதான் எழுப்பினேன்

அம்சவேணி முதன்முதலாக முழுசாகத் தூங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில். அடுப்புக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை மூடினாள், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் தானாக நின்றது, பிரிட்ஜ் முனகலை விட்டது, வாசல் சுவரில் மின்சார மீட்டரின் சிவப்புப் பொட்டு மினுக்குவதை நிறுத்தியது, அவள் கன்னத்தில் வந்து உட்கார்ந்த கொசு ஒன்று இங்கேயும் அங்கேயும் நடந்து பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்பதுபோலப் பறந்து போனது. மூன்றாவது விசில் வந்ததும் கண்ணைத் திறந்தாள். கொட்டாவி விடவில்லை, சோம்பல் முறிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள், புளியை ஊறப்போட்டாள், புளி ஊறும்வரை செய்ய ஒன்றுமில்லாததால் மறுபடியும் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

இதை முதலில் பார்த்தது மயிலாத்தாள். பார்க்காமல் எப்படி இருப்பாள்? அவள் மூத்த மருமகள், அம்சவேணி இளையவள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே பொடக்காலி, அந்தப் பொடக்காலியில் துணி காயப்போட வந்தால் ஓரகத்தியின் சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும். மயிலாத்தாள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. பட்டப்பகலில் தூங்குகிறாளே மகராசி என்று வயிறுதான் எரிந்தது.

மேட்டுத்தோட்டம் மூன்றாவது வீதிக்கு அது கரண்ட் அடிக்கடி போகிற கோடைக்காலம். ஒரு மத்தியானம், முக்கு வீட்டு பாப்பாத்தி அம்சவேணியிடம் கதை பேச வந்தவள், பேச்சு நடுவில் செய்ய வேலை இல்லாமல் அம்சவேணி அணைந்துபோனதால், கையிலிருந்த செத்த போனை வேறு இடமில்லாமல் அவள் மடியிலேயே வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள். எடுத்தபோது போன் நிறைந்திருந்தது. பாப்பாத்தி அதைக் காதில் வைத்துத் தன் தங்கச்சிக்குக் கூப்பிட்டு, "இங்க அம்சா மடியில சார்ச்சு ஏறுதுடி" என்றாள், "எங்க வீட்டுல கறிவேப்பிலை துளுத்திருக்குது" என்று சொல்கிற அதே குரலில்.

அப்புறம் வீதி அதைப் பழகிக்கொண்டது. காலையில் சோறாக்கி முடித்த பெண்கள் வரிசையாகப் போனைக் கொண்டுவந்து அம்சவேணி மடியில் அடுக்கினார்கள். போன் மாறிப்போகக் கூடாதென்று ஒருத்தி ரப்பர் பேண்டு போட்டாள், ஒருத்தி பூ நூல் சுற்றினாள். எமர்ஜென்சி விளக்கு வந்தது, கொசு பேட் வந்தது, கிட்னி ஆபரேஷன் ஆன வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியே தள்ளுவண்டியில் வந்தது, ஆனால் அதை மடியில் வைப்பது பாவம் என்று காலடியில் வைத்துக்கொண்டார்கள். மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆள், "இந்த வீட்டுல போன மாசத்துக்கு ஒண்ணுமே ஓடலீங்களே, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்துகொண்டு, தன் போனையும் மடியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனார். மாரியம்மன் நோம்பியில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணியபோது பூசாரி அம்சவேணியைக் கோயில் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துக் காப்புக் கட்டுகிற மாதிரி சீரியல் செட் ஒயரை மணிக்கட்டில் கட்டினார். அவள் கண்ணை மூடினாள், கோபுரத்தில் விளக்கு மயில் தோகை விரித்தது, பச்சையும் சிவப்புமாக.

வீதியில் ஒரு வழக்கம் மட்டும் உண்டாயிற்று. வேலை இல்லாமல் அவளைக் கூப்பிடக் கூடாது. அவளே வைத்த சட்டமில்லை அது, தானாக வந்தது. தண்ணி வந்தால் கூப்பிடு, பால் பொங்கினால் கூப்பிடு, விருந்தாளி வந்தால் கூப்பிடு, பட்டென்று எழுந்துகொள்வாள். மற்றபடி கம்மென்று போ.

தூங்கத் தூங்க அம்சவேணிக்குக் கண்ணோரச் சுருக்கம் காணாமல் போயிற்று, வகிட்டில் இருந்த நரை நுனியிலிருந்து வேரை நோக்கிக் கறுத்துக்கொண்டே வந்தது. மயிலாத்தாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் ஒரு மத்தியானமாவது கண்ணயர்ந்ததுண்டா? சிலிண்டரை மூடினோமா என்று எழுந்து போய்ப் பார்ப்பாள், மூடித்தான் இருக்கும். மோட்டார் ஓடுகிறதோ என்று எழுவாள், ஓடாது. கேட்டைப் பூட்டினோமா, பூனை உள்ளே வந்ததா, பால்காரர் மணி அடித்தாரா, கொழுந்தன் வீட்டில் கொடியில் கிடக்கிற துணி மழையில் நனைகிறதா என்று அந்த வீட்டுக்கும் சேர்த்து எழுவாள். எழுந்து எழுந்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். அவள் மடியில் யார் எதைக் கொண்டுவந்து வைத்தார்கள்?

ஒரு நாள் யாருமில்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் போனைத் தன் மடியில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மேல் தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி இருந்தது. திறந்து மூடினாள். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருந்தது. திறந்து மூடினாள். கடைசியில் பார்த்தால் போன் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, இருந்த சார்ஜும் இறங்கி அணைந்தே போயிருந்தது.

"நீயும் செத்த நேரம் படுத்துப் பாரேன், மயிலு" என்றார் அவள் புருசன் ஆறுச்சாமி.

"நானும் படுத்துட்டா இந்த வீட்டை யாரு பாக்கறது? உங்க தம்பி பொண்டாட்டியா வந்து பாப்பா?"

"சரி, படுக்காத."

அதுகூடப் பரவாயில்லை. மகள் ஜீவிதாவும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்ததைத்தான் மயிலாத்தாளால் தாங்க முடியவில்லை. ஒரே மகள். படித்து, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். தென்னந்தோப்பில் மண்ணுக்குள் புதைத்து வைத்தால் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற கைக்கடக்கமான பெட்டி ஒன்றை அந்தக் கம்பெனி செய்தது. அதற்குள் இருக்கிற கெர்னலை எழுதுவது ஜீவிதாவின் வேலை.

"கெர்னல்னா என்ன கண்ணு?" என்று மயிலாத்தாள் ஒருமுறை கேட்டிருந்தாள்.

"உள்ள எல்லாத்துக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கறதும்மா. எது இப்ப எந்திரிக்கணும், எது படுக்கணும், எல்லாம் அதுதான் சொல்லும்."

"மூத்த மருமகளாட்டம்."

"அப்படியே வெச்சுக்க."

"இதுல அம்சாவாட்டம் தூங்கறது எதுவும் இல்லியே?"

ஜீவிதா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அங்கே ஏன் போகிறாய் என்று இப்போது கேட்டால், அந்தப் பெட்டி வருசக்கணக்கில் ஒரே பேட்டரியில் ஓட வேண்டியது, ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிறது, அதற்கு வழி தெரியாமல் மண்டை காய்கிறது, சின்னம்மா வீட்டில் நிசப்தமாக இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் யோசிக்க வருகிறது என்றாள். நிசப்தமாம். அப்படியென்றால் தாய் வீட்டில் என்ன, தவிலா அடிக்கிறார்கள்? மயிலாத்தாள் அன்று செய்த பணியாரத்தை யாருக்கும் கொடுக்காமல் தானே தின்று தீர்த்தாள். மகளுக்குப் பிடித்த பணியாரம் அது.

மறுநாள் வெயில் தாழும் நேரத்துக்கு அவள் முதன்முறையாக அந்த ஜன்னலுக்குப் போனாள்.

"அம்சா, என்ன பண்றே?"

அம்சவேணி கண்ணைத் திறந்தாள். ஃபேன் ஓடியது, பிரிட்ஜ் முனகியது. "ஏதாச்சும் வேலைங்களா அக்கா?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

"சரிங்க்கா."

அடுத்த நாளும் போனாள். பிறகு சோற்றுக்கு முன்னால் ஒருமுறை, சோற்றுக்குப் பின்னால் ஒருமுறை. பிறகு துணி காயப்போடும்போது, துணி எடுக்கும்போது, துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கும்போது. என்ன பண்றே அம்சா? வேலைங்களா அக்கா? சும்மாதான். என்ன பண்றே அம்சா? வேலைங்களா அக்கா? சும்மாதான். இதில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? அடுத்த வீட்டுக்காரி என்ன பண்ணுகிறாள் என்று கேட்பது எந்த ஊரில் தப்பு? பாசமாகத்தானே கேட்கிறாள். மயிலாத்தாளே அப்படித்தான் நம்பினாள், ஜன்னலை விட்டுத் திரும்பி வரும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன குளிர்ச்சி இறங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்பினாள்.

அம்சவேணியின் வகிட்டில் நரை திரும்பி வந்தது. கொசுக்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டன. மடியில் வைத்த போன்கள் பாதிதான் நிறைந்தன, பிறகு கால்வாசி, பிறகு பாப்பாத்தியின் போன் வைத்ததை வைத்தபடியே திரும்பி வந்தது.

"கண்ணு பட்டிருச்சு" என்றாள் பாப்பாத்தி. "யாரோ ஒரு கொள்ளிக்கண்ணு."

"நாசமாப் போறவ யாரோ" என்றாள் மயிலாத்தாள். மூத்தவள் என்பதால் சுற்றிப்போடும் வேலை அவளுக்கே வந்தது. உப்பும் மிளகாயும் கையில் பொத்திக்கொண்டு அம்சவேணியை வலமும் இடமும் சுற்றி, ஊர் கண்ணு உறவு கண்ணு எல்லாம் போக என்று சொல்லி அடுப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது, கூடியிருந்த ஒருத்தருக்காவது தும்மல் வரவேண்டுமே, நெடியே இல்லை. அவ்வளவு பெரிய கண்ணா என்று வீதியே வாயைப் பிளந்தது. மயிலாத்தாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமிப் பார்த்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் குக்கர் மூன்றாவது விசில் அடித்தும் அம்சவேணி எழவில்லை. நான்கு, ஐந்து என்று அது கத்திக்கொண்டே இருந்தது, பருப்பு தீய்ந்து வாசம் வீதி முனைவரை போனது. அம்சவேணியின் புருசன் நடராசு கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. டாக்டர் வந்து கை பிடித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆள்தான் ரொம்ப உள்ளே போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். வீதி தனக்குத் தெரிந்த வேலையெல்லாம் கொண்டுவந்து பார்த்தது. அவள் காதருகே பாலைப் பொங்கவிட்டார்கள். குழாயில் தண்ணி வந்துவிட்டதாகப் பொய்க்கும் மெய்க்கும் கத்தினார்கள். பாப்பாத்தி தன் பேத்தியைக் கிள்ளி அழவைத்து மடியில் போட்டாள், குழந்தை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அங்கேயே தூங்கிப்போனது. ஒன்றுக்கும் அம்சவேணி எழவில்லை. எழுப்புகிறவர்கள் எல்லாரும் சும்மாதான் எழுப்புகிறார்கள் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள் போல.

மயிலாத்தாளுக்கு முதலில் தோன்றியது, இனி ஜீவிதா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதுதான். பணியாரத்துக்கு மாவு கரைத்தாள். ஜீவிதா வரவில்லை. சின்னம்மாவின் ஜில்லிட்ட கையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தாள். சோறு அனுப்பினால் தொடாமல் திரும்பி வந்தது. தூங்குகிறவளிடம்கூடத் தோற்கவேண்டுமா என்று மயிலாத்தாள் சட்டுவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வருவதென்று பொடக்காலி வழியாகப் போனாள். ஜன்னலுக்கு வந்தபோது ஜீவிதா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். அதேதான். அதுக்குன்னு ஒரு வேலையும் கெடையாது, ஆனா நொடிக்கு நூறு தடவை வந்து தட்டி எழுப்பி, வேலை இருக்கா வேலை இருக்கான்னு கேக்குது. வேலை வந்தா வேலையே கூப்பிடுமில்ல? இது சும்மா எழுப்பறதுலயே பூரா சக்தியும் போயிருது. அதைப் புடுங்கி வெளிய எறிஞ்சாத்தான் சரிப்படும்."

மயிலாத்தாளுக்குக் காதிரண்டும் அடைத்துக்கொண்டது.

"யாரைடி புடுங்கி எறியறே?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பெத்தவளைப் புடுங்கி எறிவியா? நொடிக்கு நூறு தடவையா போனேன்? வாய் கூசாம பொய் சொல்றியே! ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போயிருப்பேன், அதுவும் என்ன பண்றேன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் போனேன்! சும்மாதான் எழுப்பினேன்!"

ஜீவிதா போனை மெதுவாகக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் டைமரைச் சொன்னேம்மா" என்றாள். "பெட்டிக்குள்ள இருக்கிற டைமரு."

பொடக்காலியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து, நிலைமை சரியில்லை என்று எழுந்து போனது. மயிலாத்தாள் கம்பியை விடவில்லை. மகள் கத்தட்டும், ஊரைக் கூட்டட்டும் என்று காத்திருந்தாள். ஜீவிதா கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப அதைப் புடுங்கி எறிஞ்சிருவியா?" என்றாள் மயிலாத்தாள் கடைசியில்.

"எறிய முடியாதும்மா. கோவத்துல சொன்னேன். உள்ள ரெண்டு மூணு மூளை இருக்குது. எல்லாம் தூங்கிட்டா நேரத்தை யாரு பாக்கறது? ஒண்ணாச்சும் முழிச்சிருந்து பாத்துட்டு இருந்தாத்தான் மத்தது நிம்மதியாத் தூங்க முடியும். முழிச்சிருக்கறது தப்பில்ல. அதே ஒண்ணு சாகற வரைக்கும் முழிச்சிட்டு, தூங்கறதைப் போய்த் தட்டிட்டு இருக்குது பாரு, அதான் தப்பு."

"பின்ன அது என்ன பண்ணோணுங்கறே?"

"எனக்குத் தூக்கம் வருது, இனி நீ பாத்துக்கன்னு இன்னொண்ணுகிட்டச் சொல்லிட்டுப் படுக்கோணும். அதைத்தான் இப்ப எழுதப் போறேன்."

"யாருகிட்ட?"

"பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட."

மயிலாத்தாள் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். நடராசுவையும் பாப்பாத்தியையும் கூடியிருந்தவர்களையும் வெளியே போகச் சொன்னாள், மூத்தவள் சொல்கிறாள் என்று போனார்கள். ஜீவிதா போகவில்லை. அவளைப் போகச் சொல்ல மயிலாத்தாளுக்கு வாய் வரவில்லை.

ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருசத்தில் அவள் இந்த வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதில்லை. ஒரு வாளித் தண்ணி கேட்டதில்லை. இளையவளிடம் போய் மூத்தவள் கையேந்துவதா என்று, காய்ச்சலில் கிடந்த நாளில்கூடத் தானே எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தவள்.

"அம்சா" என்றாள். பழக்கத்தில் என்ன பண்றே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை முழுங்கினாள். முழுங்குவதற்கு அது ஒரு முழு நெல்லிக்காய் போல இருந்தது. "அம்சா, ஒரு வேலை இருக்குது."

ஃபேன் ஓடவில்லை.

"சத்தியமா இருக்குது. எனக்குத் தூக்கம் வருது, அம்சா. வந்து ரொம்ப வருசமாச்சு. கண்ணை மூடினா தொட்டி வழியுது, பால் பொங்குது. என்னால முடியல." சொல்லும்போதே அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. "அடுப்புல பால் வெச்சிருக்கேன், நீ பாத்துக்க. மோட்டாரை நீ நிறுத்திரு. கேட்டைப் பூட்டினமான்னு நீ பாரு. நான் செத்த நேரம் படுக்கோணும்."

முதலில் பிரிட்ஜ் முனகியது. பிறகு ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்று. வாசலில் மீட்டரின் சிவப்புப் பொட்டு மினுக்கியது. அம்சவேணி கண்ணைத் திறந்தாள், கொட்டாவி இல்லாமல்.

"பால் எந்த அடுப்புலீங்க்கா, பெருசா சின்னதா?"

"சின்னது."

"சரி, நான் பாத்துக்கறேன்." எழுந்து சேலையை உதறினாள். "நீங்க முழிச்சிருக்கீங்கங்கற தைரியத்துலதானுங்க்கா நான் இத்தனை நாள் தூங்கினது."

மயிலாத்தாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அதைக் கேக்கலீங்களே. என்ன பண்றேன்னுதானுங்க கேட்டீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அம்சவேணி பொடக்காலி வழியாக மூத்தவள் வீட்டுச் சமையலறைக்குப் போனாள். போகிற வழியில் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். மயிலாத்தாள் அந்த ஸ்டூலிலேயே ஏறி உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். தொட்டி வழிகிற மாதிரி இருந்தது. வழியட்டும், அம்சா இருக்கிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைக்கவே கசந்தது. ஆனால் கசந்தாலும் அது உள்ளே இறங்கியது, இறங்க இறங்க இடுப்பும் முட்டியும் விட்டுக்கொடுத்தன, ஃபேன் சத்தம் தூரத்துக்குப் போயிற்று.

எழுந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து காய்ச்சிய பால் வாசம் வந்தது, பொங்கி வழிந்த வாசம் இல்லை. மடி கனமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தாள். ஒரு போன் கிடந்தது. ஒன்றே ஒன்று. பூ நூலோ ரப்பர் பேண்டோ இல்லை, பின்னால் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. எதிரே தரையில் உட்கார்ந்து ஜீவிதா தட்டில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மயிலாத்தாள் கரைத்து வைத்திருந்த மாவில் அம்சவேணி ஊற்றிய பணியாரம்.

"ஏறியிருக்குதா?" என்றாள் மயிலாத்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

ஜீவிதா எழுந்து வந்து போனை எடுத்துப் பார்த்தாள். "மூணு ஏறியிருக்குதும்மா. நூத்துக்கு மூணு."

"மூணா?" மயிலாத்தாள் தன் மடியைத் தட்டிப் பார்த்தாள். "மொத நாள் அவளுக்கு எவ்வளவு ஏறுச்சு?"

"பாப்பாத்தி அத்தை போனா? அது நெறைஞ்சே போச்சும்மா."

"சரி, குடு இங்க." போனை வாங்கி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள், முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்தினாள், சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக மூடினாள். "ராத்திரிச் சோத்தையும் அவளையே ஆக்கச் சொல்லு. வேலை இருந்தா மட்டும் என்னை எழுப்பு."